பலாப்பழத்துக்கு ஒரு நேர்கோடு

சென்ற ஆண்டு வைகாசியில், பண்ருட்டியில் என் தாய்மாமா நடத்திவரும் கமிஷன் மண்டியில், ஒரு தையல் நாடாவையும் நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு எட்டுப் பலாப்பழங்களை அளந்தேன். ஒவ்வொரு பழத்துக்கும் இரண்டே எண்கள்: நடுவயிற்றில் நாடாவைச் சுற்றி எடுத்த சுற்றளவு, தராசில் ஏற்றி எடுத்த எடை. சுற்றளவைச் சொன்னால் எடையைச் சொல்லிவிடும் ஒரு நேர்கோட்டைக் கணக்கிட வேண்டும் என்பதுதான் திட்டம். புள்ளியியலில் இதற்கு எளிய நேரியல் தொடர்புப் போக்கு (ஆங்கிலத்தில் லீனியர் ரெக்ரஷன்) என்று பெயர். பள்ளியில் வணிகக் கணிதம் படித்த யாரும் இதைக் கடந்துதான் வந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்து, அட்டவணை போட்டு, ஐந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கோடு ஒரு பொருளின் மேல் விழுவதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

மாமாவின் மண்டியில் பழத்தை எடை போட்டு விற்பதைவிடக் கண்ணால் மதித்து விற்பதே அதிகம். வண்டியிலிருந்து இறங்கும் பழத்தை ஒரு கையால் புரட்டி, மறுகையால் இரண்டு தட்டுத் தட்டி, "பன்னெண்டு இருக்கும்" என்பார். தராசில் ஏற்றினால் பெரும்பாலும் அரைக் கிலோ முன்பின்னாகத்தான் இருக்கும். அவர் கண் செய்யும் வேலையை இரண்டு எண்களால் செய்ய முடியுமா என்ற ஆசையில் தொடங்கியதுதான் எல்லாம். "அளந்து என்ன தம்பி பண்ணப் போற?" என்று கேட்டவரிடம் சரியான பதில் என்னிடம் அப்போது இல்லை.

எடுத்த எண்கள் இவை. சுற்றளவு சென்டிமீட்டரில், எடை கிலோவில்: 61-க்கு 5.2, 66-க்கு 5.9, 69-க்கு 7.6, 73-க்கு 8.1, 77-க்கு 9.3, 81-க்கு 12.4, 88-க்கு 13.9, 93-க்கு 17.6. எட்டுப் பழம் என்பது மிகக் குறைவு என்று புள்ளியியல் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். ஆனால் எட்டு எண்களில் உள்ள வசதி, ஒவ்வொரு கூட்டலையும் தாளில் போட்டுப் பார்த்து, கணினி என்ன செய்கிறது என்பதைக் கையால் தொட்டு உணரலாம் என்பது. ஆயிரம் வரிகள் உள்ள கோப்பில் அது நடக்காது.

கோட்டுக்கு இரண்டு எண்கள் வேண்டும். சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடினால் எடை எவ்வளவு கூடும் என்பது சாய்வு. சுற்றளவு சுழியாக இருக்கும்போது கோடு எடை அச்சை எங்கே வெட்டுகிறது என்பது வெட்டுத்துண்டு. எட்டுப் புள்ளிகளின் ஊடே எத்தனையோ கோடுகள் இழுக்கலாம்; அவற்றில் எது நல்லது என்று தீர்மானிக்க ஒரு விதி தேவை. ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள செங்குத்து இடைவெளியை எச்சம் என்கிறோம். எல்லா எச்சங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எந்தக் கோட்டுக்கு மிகச் சிறியதோ, அந்தக் கோடே நம் கோடு. இந்த மீச்சிறு வர்க்க முறையை 1805-இல் முதலில் அச்சிட்டு வெளியிட்டவர் பிரான்சின் லெஜாந்தர். வால்மீன்களின் பாதையைக் கணக்கிட அவருக்கு அது தேவைப்பட்டது. 1809-இல் ஜெர்மனியின் காவுஸ், தான் 1795 முதலே இதைப் பயன்படுத்தி வருவதாக எழுத, இருவருக்கும் மனத்தாங்கல் வந்தது. புள்ளிகளின் ஊடே கோடு போடுவதை வானத்திலிருந்து மண்ணுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஃப்ரான்சிஸ் கால்டன். அவர் 1875-இல் பட்டாணிப் பூச்செடி விதைகளை, ஒரு பொட்டலத்துக்குள் எல்லாம் ஒரே எடை, பொட்டலத்துக்குப் பொட்டலம் வேறு எடை என்று கட்டி ஏழு நண்பர்களுக்குக் கொடுத்து விதைக்கச் சொன்னார். விளைந்த விதைகளைத் திரும்ப வாங்கி, தாய் விதையின் அளவுக்கு எதிரே சேய் விதையின் அளவைக் குறித்தபோது, புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி நின்றன. பெரிய விதைகளின் பிள்ளைகள் அவ்வளவு பெரியவையாக இல்லாமல் சராசரியை நோக்கித் திரும்பியிருந்தன. அந்தத் திரும்பலுக்கு அவர் பின்னால் வைத்த 'ரெக்ரஷன்' என்ற பெயர்தான் இன்று இப்படிப் போடும் எந்தக் கோட்டுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. விதையில் பிறந்த கோட்டைப் பழத்தின் மேல் போட்டுப் பார்ப்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு.

நிரலை முதலில் பைத்தானில்தான் எழுதினேன். இந்தப் பதிவுக்காக, பைத்தானின் மேல் இயங்கும் எழில் என்ற தமிழ் நிரல்மொழியின் நடையில் அதை மாற்றித் தருகிறேன். ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் நூலகம் எதையும் கூப்பிடாமல், கூட்டல் பெருக்கலை நேராகவே எழுதியிருக்கிறேன்.

சுற்றளவு = [61, 66, 69, 73, 77, 81, 88, 93]
எடை = [5.2, 5.9, 7.6, 8.1, 9.3, 12.4, 13.9, 17.6]
எண்ணிக்கை = 8

சு_கூட்டல் = 0
எ_கூட்டல் = 0
இ = 0
@(இ < எண்ணிக்கை) வரை
    சு_கூட்டல் = சு_கூட்டல் + எடு(சுற்றளவு, இ)
    எ_கூட்டல் = எ_கூட்டல் + எடு(எடை, இ)
    இ = இ + 1
முடி

சு_சராசரி = சு_கூட்டல் / எண்ணிக்கை
எ_சராசரி = எ_கூட்டல் / எண்ணிக்கை

மேல் = 0
கீழ் = 0
இ = 0
@(இ < எண்ணிக்கை) வரை
    சு_விலகல் = எடு(சுற்றளவு, இ) - சு_சராசரி
    எ_விலகல் = எடு(எடை, இ) - எ_சராசரி
    மேல் = மேல் + சு_விலகல் * எ_விலகல்
    கீழ் = கீழ் + சு_விலகல் * சு_விலகல்
    இ = இ + 1
முடி

சாய்வு = மேல் / கீழ்
வெட்டு = எ_சராசரி - சாய்வு * சு_சராசரி
பதிப்பி "சாய்வு", சாய்வு
பதிப்பி "வெட்டுத்துண்டு", வெட்டு

முதல் சுழல் இரண்டு சராசரிகளைக் கண்டுபிடிக்கிறது. இரண்டாம் சுழலில்தான் உயிர் இருக்கிறது. ஒரு பழம் சராசரியைவிடச் சுற்றளவில் பெரியதாகவும் எடையில் கூடியதாகவும் இருந்தால் இரண்டு விலகல்களின் பெருக்கல் கூட்டல் குறியோடு வரும். இரண்டிலும் குறைந்திருந்தாலும் அப்படித்தான். ஒன்றில் கூடி மற்றொன்றில் குறைந்தால் மட்டுமே கழித்தல் குறி வரும். அந்தப் பெருக்கல்களின் கூட்டுத்தொகையைச் சுற்றளவு விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுத்தால் சாய்வு கிடைத்துவிடுகிறது. பள்ளியில் எனக்கு இதைச் சூத்திரமாகச் சொன்னார்களே தவிர, எட்டுப் பழங்களும் சேர்ந்து ஓட்டுப் போடுவதைப் போன்றது என்று சொல்லவில்லை. அதிலும் சராசரியிலிருந்து தள்ளி நிற்கும் பழத்தின் ஓட்டுக்குக் கனம் அதிகம்.

அந்தக் கனம் என்னை எப்படி ஏமாற்றியது என்பதைச் சொல்லியாக வேண்டும். அன்று மாலை மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்குத் திரும்பி, எண்களை ஏற்றி, நிரலை ஓட்டினேன். சாய்வு 0.084 என்று வந்தது. ஆர்-ஸ்கொயர் 0.13. ஆர்-ஸ்கொயர் என்பது, எடைகளுக்குள் இருக்கும் வேறுபாட்டில் எத்தனை பங்கைக் கோடு விளக்குகிறது என்று சொல்லும் எண். சுழிக்கும் ஒன்றுக்கும் இடையில் வரும். 0.13 என்றால் சுற்றளவுக்கும் எடைக்கும் ஏறத்தாழச் சம்பந்தமே இல்லை என்று பொருள். பெரிய பழம் கனக்கும் என்று பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்திருக்க, என் நிரல் இல்லை என்கிறது. சூத்திரத்தில் பிழை என்று நினைத்து ஒரு மணி நேரம் வரி வரியாகத் தேடினேன். பிழை எதுவும் இல்லை.

பிறகுதான், முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். கட்டம் போட்ட தாளை எடுத்துப் புள்ளிகளைக் குறித்தேன். ஏழு புள்ளிகள் வரிசையாக ஏறிப் போக, ஒன்று மட்டும் இடது மேல் மூலையில் தனியாக நின்றது: சுற்றளவு 32, எடை 12.4. பன்னிரண்டு கிலோப் பலாப்பழத்துக்கு ஒரு தேங்காயின் சுற்றளவுகூட இல்லை. நோட்டைப் புரட்டினேன், 32 என்றுதான் என் கையெழுத்தில் இருந்தது. தையல் நாடாவுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் அங்குலம். அந்தப் பழத்தைப் புரட்டும்போது நாடாவும் புரண்டிருக்கிறது. 32 அங்குலம் என்பது 81 சென்டிமீட்டர். அதைத் திருத்தியதும் சாய்வு 0.383 ஆயிற்று, ஆர்-ஸ்கொயர் 0.96 ஆயிற்று. எட்டில் ஒரு பழம், அதுவும் எடை சரியாகப் போடப்பட்ட பழம், மற்ற ஏழின் வாயையும் அடைத்திருந்தது. மறுநாள் முதல் வேலையாக நாடாவின் அங்குலப் பக்கம் முழுவதும் கறுப்பு மை பூசினேன்.

படம் வரையாமல் கோடு போடுவதன் ஆபத்தை 1973-இலேயே ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் காட்டிவிட்டார். பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தொகுதிகளை அவர் செய்து வைத்தார். நான்குக்கும் சராசரிகள் ஒன்று, சாய்வு 0.5, வெட்டுத்துண்டு 3, ஆர்-ஸ்கொயர் 0.67 என்பதும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று ஒழுங்கான சிதறல், ஒன்று வளைகோடு, ஒன்றில் நேர்கோட்டை ஒரு புள்ளி இழுக்கிறது, மற்றொன்றில் ஒரே ஒரு புள்ளியால்தான் கோடே பிறக்கிறது. எனக்கு நேர்ந்தது நான்காவதன் தூரத்து உறவு.

திருத்திய கோடு இது: எடை = 0.383 × சுற்றளவு − 19.1. எட்டுப் பழங்களின் சராசரிச் சுற்றளவு 76, சராசரி எடை 10 கிலோ. கோடு அந்தப் புள்ளி வழியாகத்தான் போகும், போகாமல் இருக்க முடியாது. எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 4.69. அதை எட்டால் வகுக்காமல் ஆறால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.88 கிலோ. சாய்வுக்கும் வெட்டுத்துண்டுக்கும் நம் எண்களிலிருந்தே இரண்டைச் செலவழித்துவிட்டதால் மிச்சம் ஆறு என்று கணக்கு. அதாவது என் கோடு தோராயமாக முக்கால் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில் தவறுகிறது. இங்கே ஒரு சிறு விஷயம். எடையிலிருந்து சுற்றளவை மதிப்பிட இதே கோட்டைத் திருப்பிப் போடக் கூடாது; அதற்கு வேறு கோடு, அதன் சாய்வு 2.51. இரண்டு சாய்வுகளையும் பெருக்கினால் 0.96, அதாவது ஆர்-ஸ்கொயர். இதைப் பள்ளியில் ஒற்றை மதிப்பெண் கேள்வியாகக் கேட்பார்கள்.

இனி அந்த −19.1. சுற்றளவே இல்லாத பழத்தின் எடை கழித்தல் பத்தொன்பது கிலோ என்று கோடு சொல்கிறது. "சுழி நம் அளவீட்டுக்கு வெளியே இருக்கிறது, கண்டுகொள்ளாதே" என்று பாடப்புத்தகப் பாணியில் தட்டிக் கழிக்கலாம். ஆனால் சுழி வரை போக வேண்டியதில்லை. 50 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள பிஞ்சுப் பலாவை மண்டியில் தினமும் பார்க்கலாம். கறிக்கு அதைத்தான் வாங்குவார்கள். என் கோட்டின்படி, தசமங்களைச் சுருக்காமல் போட்டால், அதன் எடை ஏறத்தாழ 30 கிராம். 45 சென்டிமீட்டர் காய் என்றால் எடை கழித்தலில் போய்விடும், வாங்குபவருக்கு நாமே எடை கொடுத்தனுப்ப வேண்டும்.

எச்சங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. 61-க்கு +0.95, 66-க்கு −0.27, 69-க்கு +0.28, 73-க்கு −0.75, 77-க்கு −1.08, 81-க்கு +0.48, 88-க்கு −0.70, 93-க்கு +1.08. இரண்டு ஓரங்களிலும் பழம் கோட்டுக்கு மேலே. நடுவில் பெரும்பாலும் கீழே. புள்ளிகள் மெல்ல மேல்நோக்கி வளைகின்றன, நான் அவற்றின் மேல் நேரான குச்சியை வைத்து அழுத்தியிருக்கிறேன். ஆர்-ஸ்கொயர் 0.96 என்பது இந்த வளைவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் கடையைக் கட்டிவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் அதிகம் என்பது என் எண்ணம்.

வளைவுக்குக் காரணம் பழத்தின் உடம்பு. சுற்றளவு நீளத்தின் அளவு, எடையோ கனஅளவைச் சேர்ந்தது. உருவம் மாறாமல் சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடினால், கனஅளவு 1.1-ஐ மூன்று முறை பெருக்கிய 1.331 மடங்காகும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "பெருசு எப்பவும் கண்ணை ஏமாத்தும் தம்பி. பாக்க கொஞ்சம்தான் பெருசாத் தெரியும், தூக்கினாத்தான் இடுப்புக்குத் தெரியும்" என்றார்.

வளைவை நேராக்க ஒரு பழைய வழி இருக்கிறது: சுற்றளவுக்கும் எடைக்கும் மடக்கை (லாகரிதம்) எடுத்து, மடக்கைகளின் மேல் அதே நிரலை ஓட்டுவது. நிரலில் எதையும் மாற்ற வேண்டாம். பட்டியல்களை மட்டும் மாற்றினால் போதும். இப்போது சாய்வுக்குப் பொருள் வேறு. அது சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று சொல்லாது. சுற்றளவின் எத்தனையாவது அடுக்காக எடை வளர்கிறது என்று சொல்லும். எனக்கு வந்த விடை 2.91. மூன்று வர வேண்டும் என்று நான் நிரலுக்கு எங்கேயும் சொல்லவில்லை. எட்டுப் பழங்களும் ஒரு தையல் நாடாவும் சேர்ந்து, மூன்றுக்கு இவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியதைப் பார்த்து, இரவு பதினொரு மணிக்கு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிச் சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் புதிய கோட்டைக் கிலோவுக்குத் திருப்பி மாற்றினால் எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 4.69-இலிருந்து 2.44 ஆக, ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 50 சென்டிமீட்டர் பிஞ்சுக்கு 2.8 கிலோ என்கிறது. நம்பலாம்.

என் எட்டுப் பழங்களில் 93-க்கு மேல் ஒன்றும் இல்லாததற்கும் ஒரு காரணம் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டிச் செம்மண்ணில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் கிடையாது. அன்று மாமாவின் மண்டிக்கு வந்த பழங்கள் எல்லாம் புயலுக்குப் பிறகு நட்ட மரங்களுடையவை, நடுத்தர அளவு. நான் அதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. வண்டியில் வந்ததை அளந்தேன், அவ்வளவுதான். ஆனால் எது வந்தது, எது வரவில்லை என்பதை மண்டிக்காரர் சொன்ன பிறகுதான் என் தரவின் எல்லை எனக்குத் தெரிந்தது. அந்த எல்லைக்குள் மதிப்பிடுவது இடைச்செருகல், தாண்டி மதிப்பிடுவது புறச்செருகல் என்று புத்தகத்தில் இரண்டு சொற்கள் உண்டு. இரண்டுக்கும் ஒரே சூத்திரம்தான். நிரல் வித்தியாசம் பார்க்காது.

ஆனி மாதத்தில் மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். புயலில் தப்பிய ஒரு கிழட்டு மரத்தின் பழம் வந்திருக்கிறதாம். அடுத்த நாள் நாடாவோடு போனேன். காம்பில் கயிறு கட்டி இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள், சுற்றளவு 110. என் நேர்கோடு 23.0 கிலோ என்றது. மடக்கைக் கோடு 27.9 என்றது. மாமா அதைத் தட்டக்கூட இல்லை, சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு "இருபத்தேழு" என்றார். தராசு 27.4-இல் நின்றது.

பழைய நோட்டை எடுத்து எட்டுப் பழங்களுக்கும் அவர் அன்று சொன்ன மதிப்பையும் பக்கத்தில் எழுதியிருந்ததைக் காட்டினேன். அரைக் கிலோவுக்குள் சரியாக விழுந்தவை, நேர்கோட்டுக்கு மூன்று, மடக்கைக் கோட்டுக்கு நான்கு, மாமாவுக்கு ஐந்து. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடக்கைக் கோடு அதிகமாகத் தவறிய வரியைத் தேடினார். 81 சென்டிமீட்டர் பழம், தராசில் 12.4, கோட்டில் 11.4.

"இது அந்த நீட்டுக்காய்தானே? குண்டுப் பழத்தையும் நீட்டுப் பழத்தையும் இடுப்பை மட்டும் அளந்தா ஒண்ணுபோலத்தான் காட்டும். காம்புலேர்ந்து அடி வரைக்கும் நீ அளக்கவே இல்லையே" என்றார்.

நோட்டில் மூன்றாவது நெடுவரிசைக்குக் கோடு போட்டு, தலைப்பில் நீளம் என்று எழுதிக்கொண்டேன். 110 சென்டிமீட்டர் பழத்துக்கு மட்டும் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது: 51.